கற்பித்த பகையும் கற்பித்த நேயமும்

வெறுப்பு எவருக்கும் பிறவிக்குணம் அன்று, அது கற்பிக்கப்படுவது. ஆதலின், கற்பித்தே அதனைக் களையவும் இயலும். இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் பிரெஞ்சு நாட்டு யூத அறிஞர் ஜூல் இசாக்.

1877இல் பிறந்த இவர் ஒரு வரலாற்றாசிரியர். இவர் பெயர் தாங்கிய வரலாற்றுப் பாடநூல்களைப் பிரான்சின் மாணவர் பல தலைமுறையாகப் பயின்றனர். யூதர் என்பதற்காகவே விஷி அரசு 1940இல் இவரைக் கல்வித்துறையின் உயர்பதவியினின்று நீக்கிற்று. 1943இல் இவருடைய மனைவியும் மகளும் பிடிக்கப்பட்டு, ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் மாண்டனர்.

தலைமறைவாய் வாழ்ந்த அந்நாளிலும் இவர் தாம் தொடங்கிய நூலை நிறுத்தவில்லை. யூதப் பகைக்கு நிலத்தைப் பண்படுத்தியது எது என்று ஆராய்ந்தார். இயேசுவைக் கொன்ற பழியை யூத இனம் முழுவதன்மீதும் தலைமுறைதோறும் சுமத்திவந்த போதனையே அது எனக் கண்டார். ஈசா நபி (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கை வேறு. ஆயினும் ஒருவர் பழியை மற்றவர் சுமப்பது நீதியன்று என்பதில் நமக்கும் ஐயமில்லை.

1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க்கில் யூதரும் கிறிஸ்தவரும் கூடி, இப்போதனையைத் திருத்தப் பத்து நெறிகளை வகுத்தனர். அதில் இசாக்கின் பங்கு பெரிது. 1960 ஜூன் 13இல், தமது 82ஆம் வயதில், போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் ஜானை நேரிற்கண்டு முறையிட்டார். 1963இல் இவர் மறைந்தார். 1965 அக்டோபர் 28இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிரகடனம் அப்பழியை விலக்கிற்று.

அதே பிரகடனம் முஸ்லிம்களையும் ஏக இறைவனை வணங்குவோராக மதித்து, பழம்பகை மறந்து நல்லுறவு காண அழைத்தது. யூத முதியவர் ஒருவர் தட்டிய கதவு நமக்கும் திறந்தது!

நமக்கு இது புதிய பாடமன்று. மதீனாவில் கவசம் ஒன்றைத் திருடியவனுடைய உறவினர் பழியை ஒரு யூதர்மீது சுமத்த முயன்றபோது, அவர் குற்றமற்றவர் என உணர்த்தத் திருவசனங்கள் இறங்கின என்று, அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்தையொட்டி முபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர்.

பாலஸ்தீன மக்களின் உரிமைக்குக் குரல் கொடுப்பது நீதி. ஓர் அரசின் செயலுக்காக உலக யூதர் யாவரையும் பழிப்பதோ அந்நீதிக்கே மாறு. ‘யூதன்’ என்னும் சொல் நம் பிள்ளைகளின் நாவில் வசைச்சொல்லாகாமல் காப்பது, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்போன்றோர்க்கும், வீட்டில் அவர்களை வளர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.