இழுத்தால்தான் வளரும்

குதிகாலுக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியான தசைநாண் ஒன்று தட்டுப்படும். அதன் உட்பகுதி நாம் உயரம் கூடிய வயதில் உருவானது. அதன்பின் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-இல் இதைக் கண்டறிந்தார்கள். தசைநாணில் ரத்த ஓட்டமும் குறைவு. அறுந்தால் தழும்பாகத்தான் ஆறும். புரிகயிறுபோல ஒரே திசையில் ஓட வேண்டிய கொலாஜன் இழைகள் அங்கே தாறுமாறாகக் கிடக்கும்.

அந்த ஒழுங்கை மீட்பதுதான் ஆய்வகத்தில் எங்கள் வேலை. கொழுப்புத் திசுவிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்டெம் செல் எலும்பாகவும் மாறும், குருத்தெலும்பாகவும் மாறும். அதைத் தசைநாண் பக்கம் திருப்ப வளர்ச்சிக் காரணிகள் மட்டும் போதாது, இழுவிசையும் வேண்டும். காயத்துக்குள் வைத்துத் தைத்துவிட்ட செல்லை எப்படி இழுப்பது? அதற்குத்தான் காந்தம். இங்கிலாந்தில் அலிசியா எல் ஹாஜ், போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழகத்தில் மனுவேலா கோமஸ் ஆகியோரின் குழுக்கள் இந்தப் பாதையில் முன்னே சென்றவை. செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை ஒட்டவைத்து, வெளியே காந்தப் புலத்தை மாற்றினால், செல் அதை இழுவிசையாக உணர்கிறது. புலம் விலகியதும் துகள்கள் காந்தத்தன்மையை இழந்துவிடும். அதனால் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாவதில்லை.

கைவேலை என்று பார்த்தால், எனக்கு மிகப் பிடித்தது செல்களைத் தாங்கும் ஜெல் உறையும் நேரம். கொலாஜன் கரைசல் பனிக்கட்டியில் இருக்கும்வரை நீராக ஓடும், 37 டிகிரிக்கு வந்ததும் உறையத் தொடங்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் காந்தத் துகள்களும் அவற்றையொட்டி கொலாஜன் இழைகளும் புலத்தின் திசையில் வரிசைகட்ட வேண்டும். உறைந்தபின் எவ்வளவு வலிய காந்தம் வைத்தாலும் இழைகளின் திசை மாறாது. ஆகவே காந்தங்களை முன்பே பொருத்தி, எஃகு இடுக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் இடுக்கியோடு உட்காருவேன். பிறகு பிரஷ்யன் நீலச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், இரும்பு உள்ள இடமெல்லாம் நீலமாகத் தெரியும். நீலம் அதிகமானால் நான் மகிழ்வதில்லை. துகள் கூடினால் செல் திணறும்.

துகள் மட்டும் உள்ள தட்டு, காந்தம் மட்டும் உள்ள தட்டு, இரண்டும் இல்லாத தட்டு என ஒப்பீட்டுக்கு மூன்றையும் எப்போதும் கூடவே வளர்க்க வேண்டும். இவை இல்லாத முடிவை நான் நம்புவதில்லை. தசைநாண் செல்லின் அடையாளமான டெனோமோடுலின் மரபணு விழித்துவிட்டது என்பதற்காக அதைத் தசைநாண் என்று சொல்லிவிடவும் முடியாது. அது உடல் எடையைத் தாங்க வேண்டும், எலும்போடு பிடிப்பாக இணைய வேண்டும். எலும்போடு சேரும் அந்த இடம்தான் இத்துறையின் மிகக் கடினமான பகுதி என்பது என் கணிப்பு.

காந்தமும் ஸ்டெம் செல்லும் சேர்ந்த இந்த முறை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. தசைநாண் கிழிசலுக்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது பணம் கேட்டால், அது பதிவு பெற்ற மருத்துவப் பரிசோதனையா என்று முதலில் கேளுங்கள். ரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் அத்தகைய பரிசோதனைக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்கின்றன, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகள்.