நனைந்த இறகு

நான் வரைந்த பறவைப் படங்களில் எல்லோரும் மெச்சுவது ஓர் ஆள்காட்டியை. குட்டையோரம் நிற்கும், வயிற்று இறகுகள் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருக்கும். பள்ளிகளில் பறவை வகுப்பு எடுக்கும்போது அதைத்தான் முதலில் காட்டுவேன். ஏரிகளைக் காக்கச் சொல்லி நாங்கள் அச்சடித்த சுவரொட்டியிலும் அதுவே. அந்தப் படம் எப்படி வந்தது என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரி. மே மாதம், நீர் வற்றி நடுவில் குட்டையாகக் கிடந்தது. சரளைக் குழியில் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். பறவை என் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியது. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். தெரிந்தும், மடக்கு நாற்காலியைப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். கண்ணுக்கு முன்னால் தொங்கும் சிவப்புத் தசையையும் மஞ்சள் கால்களையும் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க இனி வாய்க்குமா என்ற ஆசை.

அது குட்டையில் இறங்கி வயிற்றை நனைத்தது. முட்டைகளை நோக்கி ஓடிவந்தது. என்னைக் கண்டு நின்றது, திரும்பிப் போனது. மூன்று முறை இப்படி நடந்தது. கோடை வெயிலில் முட்டைகள் வெந்துவிடாமல் இருக்க, ஆள்காட்டி வயிற்றிறகில் நீர் ஏந்திவந்து அவற்றை நனைக்கும். இதை நான் படித்திருந்தேன். வரையும் வேகத்தில் மறந்துவிட்டேன் என்றால் அது பாதி உண்மைதான். மூன்றாம் முறை அது திரும்பியபோது நினைவுக்கு வந்துவிட்டது. இறக்கையை மட்டும் முடித்துவிடலாம் என்று இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கரையில் நின்று இருநோக்கியில் பார்த்தேன். முட்டைகள் நான்கும் அப்படியே கிடந்தன. அடைகாக்கப் பறவை இல்லை. அடுத்த வாரம் முட்டைகளும் இல்லை.

போன மாதம் ஒரு பள்ளி வகுப்பில் சிறுமி ஒருத்தி, “அது ஏன் சார் நனைஞ்சிருக்கு?” என்று கேட்டாள். “குளிச்சுட்டு வருதும்மா” என்றேன். சற்று முன்புதான், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பற்றி அந்த வகுப்பில் பேசியிருந்தேன். பறவைக்காக ஓர் ஊரே பண்டிகை வெடியை விட்டுவிட்டது. என்னால் அரைமணி நேரத்தை விட முடியவில்லை.

திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போகிறேன். படத்தையும் எடுத்துப் போவேன். அந்த இறகுகள் ஏன் நனைந்திருந்தன, அந்த நீர் ஏன் முட்டைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவளிடம் சொல்லப் போகிறேன்.