49க்கும் 50க்கும் நடுவே

ஆடி 2, வெள்ளி

அம்மாபேட்டைப் பக்கம் மாரியம்மன் கோயில் கச்சேரி. இரண்டாவது பாட்டிலேயே பேஸ் கிட்டார் படுத்துவிட்டது. ஒரேயடியாகச் செத்திருந்தால் நிம்மதி. கனம் மட்டும் கழன்றுபோய், கம்பியில் விரல் உரசும் சிலும்பல் மிஞ்சியது. அதற்கு மேல் ஜெனரேட்டர் இரைச்சல். கீபோர்டு தம்பி இடது கையால் பேஸ் பகுதியைப் போட்டு ஒப்பேற்றினான். கீழே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேஸ் வாசிக்கிறவனுக்கு இது பழகின விஷயம்தான். சத்தம் இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாதபோது “பாட்டு ஏதோ எழும்பலையே” என்பார்கள். இன்று அதைக்கூடச் சொல்ல ஆளில்லை.

வேனில் திரும்பும்போது அந்த இரைச்சலே காதில் நின்றது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ கம்பி 41. அதில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி, சரியாக 49. ஜி வாசிக்கும்போதெல்லாம் கரண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நொடிக்கு ஒரு முறை அலை போல மோதும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை பி-க்குச் சற்றுக் கீழே. திருவிழா ஜெனரேட்டரோ 50-லும் நிற்பதில்லை. சீரியல் விளக்கு வரிசையை ஒரேயடியாகப் போட்டால் என்ஜின் முனகி, இரைச்சலின் சுருதியும் சேர்ந்து இறங்கும்.

ஆடி 4, ஞாயிறு

காலையிலேயே திண்ணையில் கடை விரித்தேன். புது ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. மேட்டூர் திறந்த வருடங்களில் இந்த மாதம் எல்லாமே ஈரம். பெட்டிக்குள் வைத்த கிட்டாரின் ஸ்க்ரூ தலையில்கூடத் துரு.

முதலில் ஒயரை மாற்றினேன். ஆம்ப்பை மாற்றினேன். அதே ஒயர், அதே ஆம்ப், வேறு கிட்டார்: சுத்தமாகக் கேட்டது. ஆகப் பழுது உடம்புக்குள். ஜாக்கை ஆட்டிப் பார்த்தேன், வால்யூமைத் திருகிப் பார்த்தேன், கரகரப்பு இல்லை. அடுத்து, எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வால்யூமை முழுக்க வைத்து, ஜாக்கில் செருகிய ஒயரின் மறுமுனையில் மல்டிமீட்டரைப் பிடிப்பது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காயிலான பிக்கப் நல்லபடி இருந்தால் 10 கிலோ ஓம் சுற்றிக் காட்ட வேண்டும். எனக்கு 240-க்கு மேல் காட்டியது. அது பிக்கப்பே இல்லை, வால்யூம் கன்ட்ரோலின் சொந்தக் கணக்கு. அதன் மேல் எழுதியிருப்பது 250 கிலோ. பிக்கப் இருக்கிற சுவடே மீட்டருக்குத் தெரியவில்லை.

தகட்டைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, பிக்கப்பின் இரண்டு பாதியையும் தனித்தனியே அளந்தேன். ஈ, ஏ கம்பிகளுக்குக் கீழே இருப்பது 5.3 கிலோ. டி, ஜி பக்கத்துப் பாதி, ஒன்றுமில்லை.

பாதி செத்தால் இரண்டு கம்பிதானே ஊமையாக வேண்டும் என்று தோன்றும். நான்கும் சேர்ந்தே மெலிந்ததற்குக் காரணம், இரண்டு காயிலும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதுதான். கோயில் வாசலில் தொங்கும் பழைய சீரியல் பல்பு போல, ஒன்று போனால் வரிசையே போச்சு. இரண்டையும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்ய வைத்திருப்பதும் சும்மா இல்லை. வெளியிலிருந்து வரும் கரண்டு இரைச்சல் இரண்டு காயிலிலும் ஏறி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழியும். கம்பியின் ஓசை ஒரு பாதியில் மட்டுமே ஏறுவதால் அதற்குச் சேதமில்லை. 1957-இல் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. மனிதர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் இரைச்சலைச் சகித்துக்கொண்டிருந்தார்கள், ரிப்பேர்க்காரரால் அது முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். கிட்டார் அவருடையது. 1980களில் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது வாங்கி, லீவில் வந்தபோது போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்த காலம். அதைக் கேட்டுத்தான் வாங்கினார்.

“பிக்கப்புல கை வைக்காதடா. அதோட உசிரே அதான். வேற என்ன வேணா மாத்திக்க.”

பழுது அங்கேதான் என்றேன்.

“அப்ப அப்படியே இருக்கட்டும்.”

ஆடி 6, செவ்வாய்

கரந்தையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் கடை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போர் மோட்டார்களுக்கு ஓய்வு, அவருக்கும் கொஞ்சம் ஓய்வு. காயிலை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன தம்பி, இது கம்பியா முடியா? நான் கட்டுறது 20, 22 கேஜ். இது 46-க்குக் குறையாது.”

அவர் கண் அளவு தப்பவில்லை. பேஸ் பிக்கப்பில் சுற்றுகிற எனாமல் செம்புக் கம்பியின் குறுக்களவு 0.06 மில்லிமீட்டர் சொச்சம். மீட்டரே மீதிக் கணக்கைச் சொல்லிவிடும். அந்தக் கம்பிக்கு மீட்டருக்கு ஐந்தரை ஓம் என்று வைத்தால், 5.3 கிலோ ஓம் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். பத்தாயிரத்தை ஒட்டிய சுற்று. கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பாதிக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

வெளிமுனையிலிருந்து கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்தார். அங்கே முறிவு இல்லை. காந்தக் கட்டைகளைக் காட்டினார். தலையெல்லாம் துரு. இந்த வகைப் பிக்கப்பில் கம்பியைக் காந்தத்தின் மேலேயே சுற்றிவிடுவார்கள், நடுவில் ஒரு பூச்சு லாக்கர் மட்டும். கை வியர்வையும் ஈரமும் இறங்கி, காந்தம் துருப்பிடித்து, முதல் சுற்றுகளின் எனாமலைத் தின்று, கடைசியில் செம்பையும் தின்றுவிடும். அடியில் வைத்திருந்த ஸ்பாஞ்ச் வேறு பொடிப்பொடியாகி, நனைந்த தவிடாகக் கிடந்தது. உள்ளே அறுந்ததைத் தொட வேண்டுமானால் முழுதும் அவிழ்க்க வேண்டும்.

“கட்டலாம் தம்பி. கம்பி கோயம்புத்தூர்லேர்ந்து வரணும். அடுத்த வெள்ளிக் கச்சேரிக்கு ஆகாது.”

அங்கேயே நின்று சென்னைக் கடை ஒன்றுக்குப் புதுப் பிக்கப் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

ஆடி 7, புதன்

பழைய காயிலைத் திரும்பச் சுற்றும் நாள் வந்தால் தேன்மெழுகு வேண்டும். சுற்றிய காயிலை உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். இல்லாவிட்டால் சுற்றுகளுக்கு இடையே இடைவெளி இருந்து கம்பியே அதிரும், ஆம்ப்பை ஏற்றினால் வீறிடும். தஞ்சாவூரில் தேன்மெழுகுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தெற்கு வீதிப் பக்கம் வீணைப் பட்டறைக்குப் போனேன்.

பெரியவர் மேளம் கட்டிக்கொண்டிருந்தார். தேன்மெழுகில் கரித்தூள் பிசைந்து தண்டியின் இருபுறமும் வரப்பாக ஏற்றி, அதன்மேல் 24 மெட்டுகளையும் பதித்து, ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்து நகர்த்தும் வேலை. ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் இந்த 24 மெட்டு அமைப்புதான் இன்றைய தஞ்சாவூர் வீணை. 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. வந்திருந்த வீணை புதிதல்ல. யாருடைய பாட்டியோ வாசித்தது. பழைய மெழுகைச் சுரண்டிக் குவித்திருந்தார். குதிரையின் மேல்தகடு புதிது, கம்பிகள் புதிது, பிரடையில் ஒன்று புதிது.

இவ்வளவையும் மாற்றினால் பாட்டியின் வீணை என்று எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை.

“மெழுகு வெயிலுக்கு இளகும், மெட்டு நகரும். பிரிச்சுக் கட்டித்தானே ஆவணும்? கட்டாத வீணை செவுத்துல மாட்டுறதுக்குத்தான் ஆவும்.”

கிட்டார் உலகத்தில் ‘ஒரிஜினல்’ என்று ஒரு பைத்தியம் உண்டு. அறுபது வருடப் பழைய ஸ்க்ரூவுக்குக்கூட விலை பேசுவார்கள். அதில் பாதி வியாபாரம், மீதி பயம். இந்த ஊரில் பலாமரத்துக் குடமும் தண்டியும்தான் வீணை, தேய்கிற மற்றதெல்லாம் தேயத்தான் செய்யும் என்று எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சித்தப்பாவும் இந்த ஊர்க்காரர்தான். சிங்கப்பூர்ச் சாமான் என்றதும் அவருக்கு வேறு நியாயம் வந்துவிடுகிறது.

மெழுகுக்குக் காசு வாங்க மறுத்தார். நேரடியாக அடுப்பில் வைக்காதே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கு என்றார்.

ஆடி 11, ஞாயிறு

பிக்கப் வந்தது. பொருத்துவது அரை மணி நேர வேலை. சால்டரிங் அயர்னை வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் நெடுநேரம் வைக்காமல் இருந்தால் போதும், வைத்தால் உள்ளே கரித்தடம் வெந்துவிடும். 0.047 கெப்பாசிட்டரும் இரண்டு கன்ட்ரோலும் பழையவையே. பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயரை மறக்காமல் சேர்த்தேன். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். ஜாக்கில் மீட்டர் 10.4.

சித்தப்பா பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கூரியர் டப்பாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வாசித்துக் காட்டினேன்.

“சத்தம் பெருசா இருக்கு. நம்மது இப்படிக் கத்தாது.”

அவர் சொன்னது நிஜம். ஆனால் குற்றம் பிக்கப் மேல் இல்லை, உயரத்தின் மேல். கம்பிக்கு மிக நெருக்கமாக வைத்துவிட்டால் சத்தம் ஏறும். அதோடு காந்தம் கம்பியை இழுக்க, மேல் ஃபிரெட்களில் சுருதி பிசகும். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, தடித்த கம்பிப் பக்கம் 3 மில்லிமீட்டரை ஒட்டியும், மெல்லிய பக்கம் 2-ஐ ஒட்டியும் இறக்கினேன். பழைய ஸ்பாஞ்ச் பொடிந்துபோனதால் அந்தப் பிக்கப் வருடக்கணக்கில் தானாகவே தாழ்ந்திருக்க வேண்டும். சித்தப்பா உயிர் என்று சொன்னதில் ஒரு பங்கு அந்தத் தாழ்ச்சி.

மறுபடி வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“இப்ப பரவால்ல. பழசை எங்க வச்சிருக்க?”

கவரை எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காப்பி கேட்டார்.

ஆடி 16, வெள்ளி

ஒரத்தநாட்டுப் பக்கம் கச்சேரி. ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னாலேயே கட்டியிருந்தார்கள். விளக்கு ஏறி இறங்க, கீபோர்டு லைனில் இரைச்சல் ஏறி இறங்கியது. பேஸில் இல்லை. ஜி-யில் வேண்டுமென்றே நீட்டி நின்று பார்த்தேன், மோதல் எதுவும் இல்லை. டிரம்ஸ்காரர் மட்டும் திரும்பிப் பார்த்து, “என்னண்ணே, கம்பி மாத்திட்டீங்களா?” என்றார்.

இடைவேளையில் கரந்தை அண்ணன் போன். கம்பிக்குச் சொல்லிவிட்டாராம். முதலில் உடைந்த வேறு ஏதாவது பாபினில் சுற்றிக் கை பழகிக்கொள்கிறேன், ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் எவ்வளவு இழுவை கொடுக்கணும் என்று கேட்டார். அது எனக்கும் கையால் தெரிய வேண்டிய விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன், அதற்குமுன் சித்தப்பாவிடமிருந்து கவரை வாங்க வேண்டும் என்றேன். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கடை இல்லை தம்பி, திங்கள் வா என்றார்.