பினாங்கில் ஐந்து நாள்

வெளிநாடு சென்று வருவோர் பெரும்பாலும் கோபுரங்களையும் கடற்கரைகளையும் கடைத்தெருக்களையும் கண்டு திரும்புகின்றனர். உண்பதையே நோக்கமாகக் கொண்டு ஓர் ஊருக்குப் புறப்படுவது நம்மவர்க்கு இன்னும் சற்று நாணம் தரும் செய்தியே. ‘சாப்பிடுவதற்கா இத்தனை செலவு?’ என்று கேட்கும் பெரியவர் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டிலும் கேட்டார். ஆயினும் 2025 அக்டோபரில் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு அத்தகைய பயணம் ஒன்றை நானும் என் மனைவியும் மேற்கொண்டோம். மூன்றாண்டுச் சேமிப்பு அது. ஒரு வேளை உணவேனும் வீணாகலாகாது என்பது எங்கள் தீர்மானம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் மீன் உண்பவன். அவள் பிறவியிலிருந்து சைவம். இதுவரை எந்த ஊருக்குச் சென்றாலும் நான் விடுதியில் இலை போட்டு உண்ண, அவள் எதிரில் அமர்ந்து கட்டிவந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். ‘எனக்கு இதுவே போதும்’ என்பாள். பினாங்கிலும் அப்படியே நடக்குமானால் அச்சேமிப்பு முழுவதும் என் ஒருவன் நாவுக்கே செலவானதாகும்.

ஆகவே ஆறு மாதம் முன்னரே திட்டமிடத் தொடங்கினேன். அங்குச் சென்று வந்தவர்கள் எழுதிய பயணக் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதே வேலை. எல்லாம் அமிர்தம் என்று எழுதியவரை முதலில் தள்ளினேன். உண்ட நாளும் நேரமும் குறிக்காதவரை அடுத்துத் தள்ளினேன். விலை பற்றி எழுதியதை எவர் எழுதினும் நம்பவில்லை. விலை ஆண்டுக்காண்டு மாறுவது. ‘இந்தக் கடை எனக்குப் பிடிக்கவில்லை’ என்று காரணம் சொல்லி எழுதியவர் யாரோ, அவர் புகழ்ந்த கடைகளையே குறித்துக் கொண்டேன்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்குக் கால அட்டவணை பழகிய விஷயம். பினாங்குக்கு அதுவே தேவை. அவ்வூரின் புகழெல்லாம் தெருவோரத் தள்ளுவண்டிக்காரர்களால் வந்தது. ஒருவர் காலையில் மட்டும் கடை திறப்பார். இன்னொருவர் பொழுது சாய்ந்த பின்னரே அடுப்பு மூட்டுவார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்நாள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால் குறிப்பேட்டில் பண்டம், நேரம், ஓய்வுநாள் என்று மூன்று பத்தி வகுத்து, ஒரு வண்டி தவறினால் அடுத்தது எது என்பதுபோல் ஒவ்வொரு கடைக்கும் மாற்று ஒன்றை எழுதிக்கொண்டேன்.

சைவத்துக்கு இது போதவில்லை. அங்கே வெறும் கீரை வதக்கலில்கூடப் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேரும். ‘காய்கறி’ என்று கேட்டு வாங்கினால் தப்பிவிட்டோம் என்று எண்ணலாகாது. அப்போதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் அங்குள்ள சீனர்கள் ஒன்பது பேரரசுத் தெய்வங்களுக்கு விழா எடுக்கின்றனர். பக்தர்கள் அந்நாட்களில் புலால் நீக்குகின்றனர். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் வீதிகளில் முளைக்கின்றன. அமாவாசை கழிந்து ஒன்பது நாள் என்றதும் நம் நவராத்திரி நினைவு வருகிறதல்லவா? 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டுகளிலும் இரண்டும் ஒரே நாளில்தான் தொடங்கின.

‘கொலு வைக்காமல் ஊர்ப்பயணமா?’ என்று மனைவி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். நல்லவேளையாக 2025-இல் சீனருக்கு ஓர் அதிக மாதம் வந்தது. நவராத்திரி செப்டம்பர் 22 அன்று தொடங்க, அவர்கள் விழா ஒரு மாதம் தள்ளி அக்டோபர் 21-க்குச் சென்றது. அதற்கு முன்னாள்தான் தீபாவளி. கொலுவும் வைத்தோம், எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், கரக்பூரிலிருந்து கொல்கத்தா சென்று விமானமும் ஏறினோம். பினாங்கில் அது மழைக்காலம். குடை இரண்டு எடுத்துச் சென்றது நல்லதாயிற்று.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மீட்டர் கேஜ் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம்! நம் தொழிலில் உள்ளோர் இதற்காகவே ஒரு முறை சென்று வரலாம். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. கடலைக் கடந்தால் ஜார்ஜ் டவுன்.

அங்கு நம் பண்டங்கள் வேறு பெயரில் நம்மை எதிர்கொள்கின்றன. அப்பம் ‘அபோம்’ ஆகியிருக்கிறது. இடியாப்பம் ‘புட்டு மாயம்’ என்ற பெயரில் தேங்காய்ப்பூவும் வெல்லச் சர்க்கரையுமாக வருகிறது. ‘நாசி கண்டார்’ என்பது தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் கழி தாங்கி, ஒரு புறம் சோறும் மறுபுறம் குழம்புமாகச் சுமந்து விற்ற உணவு. இன்று கடையில் அமர்ந்தே உண்கிறார்கள். நாலைந்து குழம்பைச் சோறு மூழ்க ஊற்றச் சொல்வதற்கு ‘பஞ்சிர்’ என்பார்கள். மலாய் மொழியில் வெள்ளம் என்று பொருள். மீன் குழம்பின் வாசனை பரமக்குடியில் என் பாட்டி வைத்ததை ஒத்திருந்தது. நிறம் மட்டும் கறுப்பு.

மாலையில் மஞ்சள் கொடிக் கடைகள். ‘சார் குவே தியாவ்’ என்னும் அரிசிப் பட்டை நூடுல்ஸை மற்ற நாளில் பன்றிக் கொழுப்பும் மட்டியும் சேர்த்துக் கொதிக்கும் இரும்புச் சட்டியில் புரட்டுவார்கள். இங்கே அவை இல்லை. வெங்காயம், பூண்டுகூட இல்லை. ஆனால் அந்தச் சட்டியின் புகைமணம் இருந்தது. சோயாவால் மீன் வடிவில் செய்த பண்டத்தை மட்டும் அவள் தொடவில்லை. ‘பொய்யாய் இருந்தாலும் கண் இருக்கிறதே’ என்றாள்.

மூன்றாம் நாள் அசாம் லக்சா. கானாங்கெளுத்தி வேகவைத்த புளிக்குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, வெள்ளரி, ஓர் இஞ்சிவகைப் பூவின் மொட்டு. நான் அதைக் காலையில் ஒரு கடையில் உண்டேன். மாலையில் மீன் இல்லாத லக்சா சைவக் கடையில் கிடைத்தது. இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து இரண்டு கிண்ணம் வாங்கினோம். மழை தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு வாய் பருகிவிட்டு, ‘இது நம் புளி இல்லை, குடம்புளிக்கு உறவு’ என்றாள். கடைக்காரர் உலர்ந்த வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். அசாம் கெலுகோர் என்று பெயர். மெய்யாகவே குடம்புளியின் இனம்தான்.

புறப்படும் நாள் காலை சௌரஸ்தா சந்தையில் அதில் கால் கிலோ வாங்கினாள். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு சென்ற புளிக்காய்ச்சல் டப்பா திறக்கப்படாமலே திரும்பி வந்தது.