சுவர் தந்த குடும்பப் பெயர்

நேப்பிள்ஸ் நகரின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து ஃபோர்செல்லா பகுதிக்கு நடந்தே போய்விடலாம். குறுகலான தெருக்கள். மாடிக்கு மாடி கொடியில் உலரும் துணிகள். இடைவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் புகுந்து பாயும் ஸ்கூட்டர்கள். இந்த இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது அன்னுன்சியாட்டா தேவாலயம். அதை ஒட்டிய கட்டடத்தின் சுவரில்தான் இருக்கிறது, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெயர் தந்த அந்தச் சக்கரம்.

சக்கரம் என்று பெயரே தவிர, உண்மையில் அது சுவருக்குள் பொருத்தப்பட்ட மரப் பீப்பாய். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. தெருவில் நின்றபடி குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால், திறப்பு உட்பக்கம் போய்விடும். இரவும் பகலும் உள்ளே காவலிருந்த பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகம் அவளுக்குத் தெரியாது. அவள் முகம் வைத்தவருக்கும் தெரியாது.

திருமணமாகாமல் தாயான பெண்கள் மட்டும் வரவில்லை. அடுத்த வேளைக்கு வழியில்லாத தம்பதிகளும் வந்தார்கள். சற்றே வளர்ந்த குழந்தைகளின் உடம்பில் எண்ணெய் தடவித் திறப்பு வழியே திணித்ததாக ஊரில் கதை உண்டு.

குழந்தை வந்த நாள், நேரம், உடுத்தியிருந்த துணி எல்லாம் பதிவேட்டில் ஏறும். கழுத்தில் ஓர் ஈயப் பதக்கம். பிறகு பெயர். குடும்பப் பெயர்தான் தெரியாதே? எனவே 'எஸ்போசிடோ' என்று எழுதினார்கள். 'வெளியே வைக்கப்பட்டது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. குழந்தைகள் செவிலித் தாய்மார்களிடம் வளர்ந்தனர். பிழைக்காமல் போனவர்கள் ஏராளம். பிழைத்த பெண்களுக்கு வரதட்சணை கொடுத்துத் திருமணமும் செய்து வைத்தது இந்த இல்லம். ஊர் அவர்களை 'மாதாவின் பிள்ளைகள்' என்றது.

பிற நகரங்களும் இப்படிப் பெயர் வைத்தன. மிலான் அநாதை இல்லத்தின் சின்னம் புறா. அங்கே வளர்ந்தவர்கள் புறாவைக் குறிக்கும் 'கொலம்போ' ஆனார்கள். ஃப்ளாரன்ஸில் புருனெல்லெஸ்கி வடிவமைத்த இல்லம் 1445இல் திறக்கப்பட்டது. அதன் பிள்ளைகள் 'இன்னொசென்டி', அதாவது மாசற்றவர்கள். ரோமாபுரியில் சூட்டிய பெயரோ 'ப்ரொயெட்டி': எறியப்பட்டவர்கள்.

பெயரே பிறப்பைக் காட்டிக் கொடுத்தது. நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்ட முரா மன்னர், இந்தப் பெயரைச் சூட்டும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். சக்கரம் 1875இல் மூடப்பட்டது. ஆனால் பெயர் போகவில்லை. இன்று நேப்பிள்ஸில் மிக அதிகமானோருக்கு உள்ள குடும்பப் பெயர் எஸ்போசிடோதான். வக்கீல், டாக்டர், பீட்சா கடைக்காரர் என எல்லோரிடமும் அது இருப்பதால், அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரே பெயர் கொண்ட இருவர் உறவினர்களாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை.

அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பலேறியவர்களின் வாரிசுகள் பலர் இன்று வம்சாவளியைத் தேடுகிறார்கள். பாட்டன், முப்பாட்டன் என்று பின்னோக்கிப் போகும் தேடல், பலருக்கு இப்படி ஒரு சக்கரத்தின் பதிவேட்டில் வந்து நிற்கிறது. நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சுற்றியிருந்த துணியின் விவரமும் இருக்கிறது. தாயின் பெயர் மட்டும் இல்லை.