அடுப்புக்கு மேலே ஏலக்காய்

சாப்பா, மார்ச் 11, இரவு

ஹனோயிலிருந்து லாவோ காய் வரை இரவு ரயில், அங்கிருந்து வேன். சாப்பா 1,500 மீட்டர் உயரத்தில், பிரெஞ்சுக்காரர்கள் சமவெளி வெயிலுக்குத் தப்பி வந்து வளர்த்த ஊர். எதிரே ஃபான்சிபான் சிகரம் இருக்கிறதாம், 3,147 மீட்டர். வந்ததிலிருந்து அதன் விளிம்புகூடக் கண்ணில் படவில்லை. 2016-லிருந்து உச்சிக்குச் சற்றுக் கீழே வரை கேபிள் கார் ஓடுகிறது. டிக்கெட் எடுக்கச் சொல்லி விடுதிக்காரர் விடாமல் நச்சரித்தார். வெள்ளைத் திரையைப் பார்க்கக் காசு கொடுப்பானேன்? நாளை முவோங் ஹோவா பள்ளத்தாக்கில் இறங்கி, லாவோ சாய் என்ற ஹ்மோங் இனத்தவர் கிராமத்துக்கு நடக்கிறேன்.

தா வான், மார்ச் 12, இரவு

வழிகாட்ட வந்தவர் நாற்பதைத் தாண்டிய ஹ்மோங் பெண். கருநீலச் சட்டை, முழங்காலுக்குக் கீழே சுற்றிய துணிப்பட்டை, பிளாஸ்டிக் செருப்பு, முதுகில் மூங்கில் கூடை. வாடகை கம்பூட்ஸ் போட்ட நான் வழுக்கிய இடத்திலெல்லாம் அவர் கடைத்தெருவில் போவதுபோலப் போனார். பள்ளிக்கூடம் போனதில்லையாம். பயணிகளிடம் பூவேலைத் துணி விற்று விற்றே ஆங்கிலம் பழகியிருக்கிறார். அவரோடு பேரம் பேசுவது வீண் வேலை.

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. முன்னால் எருமையின் கழுத்துமணி கேட்கும், வெகு நேரம் கழித்துத்தான் எருமை வரும். அதனால் நான் அதிகம் பார்த்தது அவருடைய கைகளைத்தான். சணப்பு போன்ற ஒரு நார், கஞ்சாச் செடியின் தண்டிலிருந்து உரித்தது. ஒரு இழையின் நுனியை நகத்தால் இரண்டாகப் பிளக்கிறார், அடுத்த இழையின் முனையை நடுவில் வைத்து விரலிடுக்கில் திரிக்கிறார். முடிச்சே இல்லை. சேர்ந்த இழை உள்ளங்கையைச் சுற்றி ஏறிக்கொண்டே போகிறது. ஓடையைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டும்போதுகூட அந்தக் கை நிற்கவில்லை.

மூடுபனி கொஞ்சம் விலகிய இடங்களில் படிவயல்கள். தபால் அட்டைகளில் பச்சையாகவோ பொன்னிறமாகவோ இருப்பவை மார்ச்சில் வெறும் தாளடியும் சேறும்தான். குளிர் அதிகம் என்பதால் வருஷத்துக்கு ஒரே போகம்: மே மாத வாக்கில் நீர் கட்டி நடவு, செப்டம்பரில் அறுப்பு. எனக்கு இந்த வெறும் வயலே பிடித்திருந்தது. பயிர் நின்றால் வரப்பு மறைந்துவிடும். இப்போது ஒவ்வொரு படியிலிருந்தும் அடுத்ததற்குத் தண்ணீர் எங்கே இறங்கும் என்பதுவரை தெரிகிறது.

லாவோ சாயில் அவருடைய சித்தி வீட்டுக்குப் போனோம். பலகைச் சுவர், மண் தரை, தலை இடிக்கும் தாழ்வாரம். வாசலில் கிழவி துணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். நீலச்சாயத்தில் பலமுறை முக்கி எடுத்த துணிக்குத் தேன்மெழுகு தடவி, உருண்டைக் கட்டையில் சுற்றி, அதன் மேல் தட்டைக் கல்லை வைத்து, கல்லின் இரு ஓரத்திலும் கால் ஊன்றி ஏறி நின்று இடமும் வலமுமாக ஆடுகிறார். வயது எழுபதுக்குக் குறையாது. இறங்கி விரித்துக் காட்டினால் துணி இரும்புத் தகடுபோலப் பளபளக்கிறது. அந்தச் சாயம் கொடுக்கும் செடி, நம் மலைகளின் குறிஞ்சிக்குப் பங்காளி. இரண்டும் ஒரே தாவரப் பேரினம்.

உள்ளே கண் எரியும் புகை. அடுப்புக்கு மேலே பரணில் சோளக்கதிர், அதன் பக்கத்தில் ஒரு மூட்டை. கிழவி அதிலிருந்து ஒரு காயை எடுத்து நீட்டினார். கட்டைவிரல் பருமன், பழுப்பு நிறம், கற்பூரமும் புகையும் கலந்த வாசம். மலைக்காட்டு நிழலில் வளரும் பெரிய ஏலக்காய். வியட்நாமியரின் ஃபோ சூப்புக்கு மணம் தருவது, சீனாவுக்கும் மூட்டை மூட்டையாகப் போவது. என் பையில் டீக்கு வைத்திருந்த போடி ஏலக்காயைக் கொடுத்தேன். முகர்ந்தார், வழிகாட்டியிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். "இது எங்கள் காய் போட்ட குட்டியா என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்ப்பு வந்தது.

ஏலக்காய்க்கு முன்னால் இங்கே பணப்பயிர் அபினி. பிரெஞ்சு ஆட்சி அபினி வணிகத்தை அரசின் ஏகபோகமாக வைத்திருந்தது, இந்த மலைக்காரர்களிடமும் கொள்முதல் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் வியட்நாம் அரசு அபினிப் பயிரைத் தடைசெய்த பிறகு ஏலக்காய் அந்த இடத்துக்கு வந்தது. அதற்கும் நிம்மதி இல்லை. 2016 ஜனவரியில் கொட்டிய பனியில் செடிகள் கருகின, எருமைகள் விறைத்துச் செத்தன. காயை உலர்த்த விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும், காட்டின் பெரும்பகுதி 2002-லிருந்து ஹோவாங் லியென் தேசியப் பூங்கா. இப்போது மூன்றாவது பயிராக நான் வந்திருக்கிறேன், கம்பூட்ஸோடு. 'நவீனம் தொடாத கிராமம்' என்று விடுதி நோட்டீஸில் அச்சடித்தவர் இந்தப் பரணை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார். வெளியூர்ச் சந்தையின் விலையை இந்த அடுப்பங்கரை தலைமுறைகளாகக் கவனித்து வருகிறது.

மாலையில் தா வானுக்கு வந்து சேர்ந்தோம். இது ஸாய் இனத்தவர் ஊர். வீடுகளும் உடையும் வேறு. சோறு, கீரை, பன்றிக்கறி, சோளச் சாராயம். சாராயம் பற்றி நாளைக் காலையில்தான் கருத்துச் சொல்ல முடியும்.

வழிகாட்டி அக்காவின் மகன் ஹோண்டாவில் வந்து அவரை அழைத்துப் போனான். மழை இல்லாவிட்டால் நாளை அவன் வண்டியிலேயே மேலே போய் ஏலக்காய்த் தோட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். காய் இருக்காது, செடி மட்டும்தான். பெட்ரோல் காசு தனி, நுழைவுக்கு ஏதாவது கேட்டால் அதுவும் என் தலையில்.