குறைத்த பிறகுதான் வேலை

என் எடை குறைந்துகொண்டிருந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். குறைந்ததை ஏறவிடாமல் காப்பது அதைவிடக் கடினம். அதை யாரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவின் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்ற எடைக்குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, போட்டி முடிந்து 6 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்தார்கள். ஆய்வு 2016இல் வெளியானது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. என்னை உலுக்கியது வேறொன்று: ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தி, இருக்கவேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. கொழுப்புக் கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனும் பழைய அளவுக்கு மீளவில்லை.

ஆகவே, மறுபடி எடை போட்ட ஒருவரைப் பார்த்து “வாயைக் கட்டத் தெரியல” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது அநியாயம். அவருடைய உடலே அவரை எதிர்த்து நிற்கிறது.

நான் வாரம் ஒருமுறை எடை பார்க்கிறேன் (தினமும் பார்த்தால் எனக்கு மனம் அலைபாயும்). மாலை நடையை மழை நாளிலும் விடுவதில்லை, மொட்டைமாடி இருக்கிறதே. இரண்டு கிலோ ஏறினால் இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, சுண்டலும் காய்கறியும் கூட்டிக்கொள்கிறேன். பந்தியில் நான் இலையை மறைத்தால், அன்புள்ளவர்களே, இன்னொரு கரண்டி வைக்காதீர்கள்.